லேப்டாப்பில் லினக்ஸ் போடும்போது பூட் ஆகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நன்றாக ஓடுகிற லேப்டாப்பை இதற்காகப் பழைய சாமானோடு போட மனம் வராதவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகள் பக்கம் வருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த வழிகாட்டி. விண்டோஸையே மறுபடி போடுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். அவர்களுக்கென்று சில விஷயங்கள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன.

லினக்ஸ் இன்ஸ்டாலர் இப்போதெல்லாம் எளிது. மொழி, டைம் ஜோன், பெயர், பாஸ்வேர்டு, முடிந்தது. ஆளைச் சோதிப்பது அதற்கு முன்னும் பின்னும் வரும் கறுப்புத் திரைதான். அது வந்ததும் பலர் செய்வது என்ன? ஒரு வீடியோவைப் பார்த்து செக்யூர் பூட்டை ஆஃப் செய்வார்கள், இன்னொன்றைப் பார்த்து லெகசியை ஆன் செய்வார்கள், மூன்றாவதைப் பார்த்து சாட்டா மோடை மாற்றுவார்கள். கடைசியில் லினக்ஸும் வராது, இருந்த விண்டோஸும் நீலத் திரையோடு நிற்கும். எதை மாற்றியதால் எது கெட்டது என்றும் தெரியாது.

பூட் ஆவது ஓர் அஞ்சலோட்டம். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழக்கத்தில் பயாஸ் என்கிறோம், இன்றைய லேப்டாப்புகளில் அது யூஇஎஃப்ஐ. அது பென்டிரைவிலோ டிஸ்க்கிலோ இருக்கும் பூட்லோடரிடம் கட்டையைக் கொடுக்கும். லினக்ஸில் அது பெரும்பாலும் கிரப். கிரப் லினக்ஸின் மையமான கர்னலிடம் கொடுக்கும், கர்னல் டிஸ்க்கையும் டிஸ்ப்ளேயையும் எழுப்பி மற்றவற்றைத் தொடங்கும். கட்டை எந்தக் கையில் இருக்கும்போது ஓட்டம் நின்றது என்று தெரிந்துவிட்டால், பார்க்க வேண்டிய இடம் ஒன்றோ இரண்டோதான். பயாஸில் எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றும் முன் அந்தப் பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

தொடங்கும் முன்: பிட்லாக்கர்

பேக்கப் எடுக்கச் சொல்லத் தேவையில்லை, எடுத்திருப்பீர்கள். பலர் கோட்டை விடுவது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கரில். "நான் அதையெல்லாம் ஆன் செய்யவே இல்லையே" என்பார்கள். நீங்கள் செய்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த பல லேப்டாப்புகளில் அதன் எளிய வடிவமான 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே ஆன் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட லேப்டாப்பில் செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பமுள்ள பூட்லோடரை மட்டும் விடும் பயாஸ் காவல்) தொட்டால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கீ இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பதைத் திரும்பப் பெற வழியே இல்லை; சர்வீஸ் சென்டரில் கொடுத்தாலும் நடக்காது.

ஆகவே முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைஸ் பக்கத்தில் அந்த ரெக்கவரி கீயை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பதில் பயனில்லை. விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுவதாக இருந்தால் என்கிரிப்ஷனை முழுதாக ஆஃப் செய்துவிடுவது நல்லது. டிஸ்க்கைப் பொறுத்து கொஞ்ச நேரம் எடுக்கும், முடியும்வரை காத்திருங்கள்.

கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இருக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் எடுத்துவிடுங்கள். அது ஆனில் இருக்கும்வரை ஷட்டவுன் என்பது உண்மையான ஷட்டவுன் இல்லை, அரைத் தூக்கம். விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸ் எழுதவிடாமல் பூட்டிவைப்பதும், சில லேப்டாப்புகளில் பூட் மெனு (எதிலிருந்து பூட் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்) சாவியையே கண்டுகொள்ளாமல் போவதும் இதனால்தான்.

பென்டிரைவ்: பாதிச் சிக்கல் இங்கேதான்

லினக்ஸ் இன்ஸ்டாலர் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை பென்டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், பலேனா எட்சர், வென்டாய் மூன்றில் ஒன்றை வைத்து எழுத வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும்.

எழுதும் முன் டவுன்லோடு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. செய்தால் வீணாகும் ஒரு மாலை மிச்சம். லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டின் தளத்திலும் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் அந்த ஃபைலின் கைரேகை மாதிரி எஸ்எச்ஏ-256 எண் கொடுத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் 7-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து அந்த எண்ணைக் கணக்கிடலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 3 ஜிபி இறக்கும்போது நடுவில் அறுந்து ஒட்டிய ஃபைல் பார்க்கச் சரியாகத்தான் தெரியும்; பாதி பூட் ஆகி நிற்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் ஜிபிடி, டார்கெட் சிஸ்டம் என்ற இடத்தில் யூஇஎஃப்ஐ என்று வையுங்கள். 2012-க்குப் பிறகு விண்டோஸ் 8 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்போடு வாங்கிய லேப்டாப் என்றால் பெரும்பாலும் இதுவே சரி. ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ மோட். அது பூட் ஆகாவிட்டால் டிடி மோடில் மறுபடி எழுதுங்கள்.

பென்டிரைவே பட்டியலில் வரவில்லை

இங்கே கட்டை இன்னும் ஃபர்ம்வேர் கையிலேயே இருக்கிறது. பூட் மெனுவுக்கான சாவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: டெல், லெனோவா, ஏசர் பெரும்பாலும் எஃப்12; எச்பி எஃப்9; ஏசூஸ் எஸ்கேப்; எம்எஸ்ஐ எஃப்11. சில லெனோவா ஐடியாபேடுகளில் பக்கவாட்டில் ஊசியால் குத்துகிற மாதிரி ஒரு சிறிய துளை இருக்கும். அதுதான் நோவோ பட்டன், லேப்டாப் ஆஃபில் இருக்கும்போது அதை அழுத்தினால் மெனு வரும். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்ற வரியை எனேபிள் செய்ய வேண்டும்.

சாவியைப் பிடிக்கவே முடியவில்லையா? விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்று வரும். அதிலிருந்தே பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

மெனு வந்தும் பென்டிரைவ் அதில் இல்லை என்றால் போர்ட்டை மாற்றுங்கள், யூஎஸ்பி ஹப் நடுவில் இருந்தால் எடுத்துவிடுங்கள், வேறு பென்டிரைவில் எழுதிப் பாருங்கள். பயாஸில் 'யூஎஸ்பி பூட்' டிஸேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அலுவலகத்திலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புகளில் இது சகஜம். அவற்றில் பயாஸ் பாஸ்வேர்டும் போட்டிருந்தால் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும், ஆகவே வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரே பென்டிரைவ், இரண்டு வரி

மெனுவில் சான்டிஸ்க் என்று ஒரு வரி, யூஇஎஃப்ஐ: சான்டிஸ்க் என்று இன்னொரு வரி. இரண்டும் ஒன்றுதானே என்று மேலே இருப்பதைத் தட்டிவிடுவோம். பின்னால் வரும் பெரிய தலைவலிகளுக்கு இந்த ஒரு என்டர் போதும்.

யூஇஎஃப்ஐ என்று இல்லாத வரி பழைய லெகசி முறையில் பூட் செய்யும். இன்ஸ்டாலர் எந்த முறையில் எழுந்ததோ அதே முறையில்தான் பூட்லோடரையும் போடும். உங்கள் விண்டோஸ் யூஇஎஃப்ஐயில் இருக்க, லினக்ஸை லெகசியில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. கிரப் மெனுவில் விண்டோஸ் வராது. பயாஸில் ஒவ்வொரு முறையும் மோடை மாற்றி மாற்றித்தான் பூட் செய்ய வேண்டியிருக்கும்.

விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் 'பயாஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். அது எதுவோ அதிலேயே லினக்ஸையும் போடுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் டெஸ்க்டாப் வந்த பிறகும் சந்தேகமாக இருந்தால் ஃபைல் மேனேஜரில் ரூட் ஃபோல்டருக்குப் போய் சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர் என்று திறங்கள். உள்ளே இஎஃப்ஐ என்றொரு ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ முறை, இல்லாவிட்டால் லெகசி. இன்ஸ்டால் ஐகானைத் தொடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

செக்யூர் பூட் சிவப்புப் பெட்டி காட்டுகிறது

செக்யூர் பூட் என்றாலே ஆஃப் செய்ய வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. உபுண்டு, மின்ட் இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறிய பூட்லோடர் முன்னால் நிற்கிறது. ஆனில் வைத்தே இன்ஸ்டால் செய்யலாம். சிவப்புப் பெட்டி காட்டி மறுத்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

சில புதிய லெனோவா திங்க்பேடுகளில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை ஏற்காதபடி அமைத்தே அனுப்புகிறார்கள். பயாஸின் செக்யூரிட்டி பக்கத்தில் 'அலவ் மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி யூஇஎஃப்ஐ சிஏ' என்ற வரியை ஆன் செய்தால் போதும், செக்யூர் பூட்டைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, 'எஸ்பிஏடி' என்ற சொல்லோடு 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி ஷட்டவுன் ஆகிவிடுவது. 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம்களைத் தடைப்பட்டியலில் போட்டதால் பலரின் டூயல் பூட் (ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்) ஒரே இரவில் இப்படி நின்றது. பழைய ஐஎஸ்ஓவோடு வந்தால் இன்றும் இதைப் பார்க்கலாம். புதிய ஐஎஸ்ஓவை இறக்கி எழுதுங்கள். ஏற்கெனவே போட்ட லினக்ஸில் வந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்து, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் போட்டுவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள்.

வென்டாய் பயன்படுத்தினால் முதல்முறை நீலத் திரையில் அதன் கீயைப் பதியச் சொல்லும். அதைப் புரியாமல் தாண்டிவிட்டால் பூட் ஆகாது.

கிரப் மெனு வருகிறது, அதன்பின் கறுப்புத் திரை

இது நல்ல செய்தி. பென்டிரைவும் ஃபர்ம்வேரும் பூட்லோடரும் வேலையை முடித்துவிட்டன, கர்னல் கைக்கு வந்த பிறகு டிஸ்ப்ளே எழவில்லை. என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்புகளில் அடிக்கடி நடப்பது. லினக்ஸோடு வரும் நூவோ டிரைவருக்கும் அந்தச் சிப்புக்கும் ஒத்துப்போவதில்லை.

முதலில் எளிய வழி. மின்ட் மெனுவில் இரண்டாவதாக 'காம்பேட்டபிலிட்டி மோட்' என்றும், உபுண்டுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள், டெஸ்க்டாப் கொஞ்சம் மங்கலாக, பெரிய எழுத்துகளோடு வரும். இன்ஸ்டால் செய்ய அது போதும்.

இன்ஸ்டால் முடிந்து டிஸ்க்கிலிருந்து பூட் ஆகும்போதும் அதே கறுப்புத் திரை வரும், ஏனென்றால் அங்கே இந்த மோட் இல்லை. அப்போது இப்படிச் செய்யுங்கள்:

1. லேப்டாப் ஆன் ஆனதும் எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் கிரப் மெனு வரும் (பழைய லெகசி லேப்டாப் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்). அதிகமாகத் தட்டினால் கிரப்பின் கட்டளை வரிக்குப் போய்விடும். போய்விட்டால் ஆஃப் செய்து மறுபடி வாருங்கள்.
2. முதல் வரியில் நின்றபடி இ என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். ஒரு பக்கம் நிறைய எழுத்துகள் வரும், பயப்பட வேண்டாம்.
3. அம்புச் சாவியால் கீழே இறங்கி, லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் முடிவில் குவயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்கள் இருக்கும்.
4. ஸ்பிளாஷுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஒரே சொல்லாகத் தட்டுங்கள்.
5. எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும்.

இந்த மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டும்தான். டெஸ்க்டாப் வந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்து, ரெக்கமெண்டட் என்று போட்டிருக்கும் என்விடியா டிரைவரை நிறுவுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அதை நினைவில் வையுங்கள். ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை சில விநாடிகள் மட்டும் நிற்கும். ஏதாவது சாவியை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய் அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். டீ குடிக்கப் போய்விட்டால் அந்தத் திரை கடந்துவிடும், டிரைவர் ஏறாது. "டிரைவர் போட்டும் சரியாகவில்லை" என்கிறவர்களில் பலர் தவறவிட்டது இந்தத் திரையைத்தான்.

கறுப்புத் திரைக்குப் பதில் 'லைவ் ஃபைல் சிஸ்டம் கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஏதாவது சொல்லிவிட்டு அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று காட்டி நின்றால், அது கிராஃபிக்ஸ் இல்லை. பென்டிரைவை மறுபடி எழுதுங்கள், இல்லாவிட்டால் வேறு போர்ட்டில் செருகுங்கள்.

இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியவில்லை

லைவ் டெஸ்க்டாப் அருமையாக ஓடுகிறது, இன்ஸ்டாலர் மட்டும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் காட்டவில்லை. இன்டெல் லேப்டாப் என்றால் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி (டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் முறைகள்) ஆனில் இருக்கலாம். உபுண்டு இன்ஸ்டாலர் சில சமயம் ஆர்எஸ்டியை ஆஃப் செய்யச் சொல்லி நேராகவே கேட்கும். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். ஏசரில் இந்த வரி மறைந்திருக்கும். மெயின் பக்கத்தில் நின்று கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் வெளியே வரும்.

விண்டோஸ் வேண்டாம் என்றால் தைரியமாக மாற்றுங்கள். விண்டோஸ் வேண்டும் என்றால் நேராக மாற்றாதீர்கள், 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரையில் நிற்கும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே சேர்த்துக்கொள்ளும். அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரி.

இன்ஸ்டால் முடிந்தது, லினக்ஸ் மட்டும் வரவில்லை

நேராக விண்டோஸ் வருகிறதா? லினக்ஸ் இன்ஸ்டால் ஆகியே இருக்கிறது, ஃபர்ம்வேர் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பயாஸின் பூட் ஆர்டரில் உபுண்டு என்ற பெயரை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே ஏற்றுங்கள். மின்ட் போட்டிருந்தாலும் அங்கே உபுண்டு என்றுதான் தெரியும், குழம்ப வேண்டாம். எச்பியில் இது 'ஓஎஸ் பூட் மேனேஜர்' என்ற வரிக்குள் ஒளிந்திருக்கும். ஏசரின் சில மாடல்களில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டால்தான், செக்யூரிட்டி பக்கத்தில் கிரப்பின் இஎஃப்ஐ ஃபைலை 'டிரஸ்டட்' என்று குறிக்க முடியும். குறித்த பிறகுதான் பட்டியலில் வரும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் பெரும் தொல்லை, எழுதி வையுங்கள்.

லினக்ஸ் வருகிறது, கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லை என்பது தலைகீழ் நிலை. 2021-இல் வந்த கிரப் 2.06-லிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக ஆஃபில் இருக்கிறது. விண்டோஸ் எங்கும் போய்விடவில்லை. பூட் மெனு சாவியை அழுத்தி விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். கிரப் செட்டிங்ஸில் ஓஎஸ்-புரோபரை ஆன் செய்து கிரப்பை அப்டேட் செய்தால் மெனுவிலும் சேர்ந்துவிடும்.

கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றால், கிரப்பின் ஒரு பாதி எழுந்து மறு பாதியைக் காணாமல் தேடுகிறது என்று பொருள். லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து அழித்தவர்களுக்கும், பார்ட்டிஷன்களை நகர்த்தியவர்களுக்கும் இது வரும். அங்கே கட்டளைகள் தட்டி மீளலாம்தான், ஆனால் லினக்ஸ் பார்ட்டிஷன் இன்னும் இருக்குமானால் மின்ட் பென்டிரைவே சுலபம்: லைவ் டெஸ்க்டாப்பின் அட்மினிஸ்ட்ரேஷன் மெனுவில் 'பூட் ரிப்பேர்' தயாராக இருக்கிறது. இன்டர்நெட்டை இணைத்துவிட்டு 'ரெக்கமெண்டட் ரிப்பேர்' கொடுங்கள். டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் எந்த முறையிலோ, அந்த முறையிலேயே பென்டிரைவையும் பூட் செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

பென்டிரைவ் செருகியிருக்கும்வரை பூட் ஆகிறது, கழற்றினால் ஆகவில்லை என்றால் பூட்லோடர் பென்டிரைவிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பூட் ரிப்பேர்தான். பார்ட்டிஷன்களை நீங்களே பிரிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: விண்டோஸ் ஏற்கெனவே வைத்திருக்கும் ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷன், பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள், ஃபார்மேட் மட்டும் செய்யாதீர்கள். ஃபார்மேட் செய்தால் விண்டோஸின் பூட்லோடரும் போய்விடும்.

விண்டோஸையே போடுகிறவர்களுக்கு

முதல் ரீஸ்டார்ட்டில் பென்டிரைவைக் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் சில லேப்டாப்புகள் மறுபடி பென்டிரைவிலிருந்தே எழுந்து முதல் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும். 'எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள்' என்று சொல்லி மறுத்தால், டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். இன்ஸ்டாலரில் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து, மொத்தத்தையும் ஒதுக்கப்படாத இடமாக விட்டு 'நெக்ஸ்ட்' கொடுக்கலாம். சில சமயம் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் கிளீன் செய்ய வேண்டியிருக்கும். இரண்டிலும் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் போய்விடும். 11-ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்கு மேலும் என்றால் இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லை என்று சொல்லலாம். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டுங்கள்.

மேலே எதுவும் பொருந்தவில்லை என்றால்

பயாஸிலேயே எஸ்எஸ்டியின் பெயர் தெரியவில்லை, எச்பியில் '3எஃப்0' என்ற எண்ணோடு பூட் டிவைஸ் இல்லை என்கிறது, அல்லது ஒருமுறை தெரிகிறது ஒருமுறை தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் சாஃப்ட்வேர் விவகாரம் இல்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும், அல்லது அதன் காலம் முடிந்திருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதியும் பூட் ஆர்டரும் பழையபடி ஆகிவிட்டால் மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள், மலிவான வேலை.

யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் "பூட் ஆகவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். லேப்டாப்பின் முழு மாடல் பெயர், எந்த ஐஎஸ்ஓ, எதை வைத்து பென்டிரைவில் எழுதினீர்கள், யூஇஎஃப்ஐயா லெகசியா, செக்யூர் பூட் எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றைச் சொல்லுங்கள். திரையில் கடைசியாக நிற்கும் வரிகள் முழுதும் தெரியும்படி ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள்.